மறு: பர்கூரில் இசிஇ-யா, சென்னையில் சிஎஸ்இ-யா?

தம்பி, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) கிடைக்கலாம் என்ற நிலையில், சென்னைப் பக்கம் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடத்தில், சிஎஸ்இ (கணினிப் பொறியியல்) வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்கிறீர்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வில் எடுக்கும் இடத்துக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் கிடையாது. ஏஜென்ட் தருவதாகச் சொல்லும் இலவச லேப்டாப்பும் உங்கள் அப்பா பணத்தில்தான் வரும்!

கலந்தாய்வுக்குக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில், கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்து எந்தக் கல்லூரியையும் விடாதீர்கள். உண்மையில் பிடித்த வரிசையில் போடுங்கள். எட்டாததை மேலே போடுவதால் கீழே உள்ளது கைநழுவாது. தற்காலிக ஒதுக்கீடு வந்தால் அதை ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்கும் காத்திருக்கலாம். ஆனால் உறுதிசெய்யத் தரும் அவகாசம் குறைவு, தவறினால் இடம் போய்விடும்.

தனியார் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இதோடு ஒப்பிட முடியாது. அங்கே படிக்கும் இறுதியாண்டு மாணவர்களிடம் கேளுங்கள், விளம்பரப் பலகையிடம் அல்ல.

சேர்ந்த பிறகு, தமிழ்வழியில் வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர்தான் கண்டம். அரியர் (தேறாமல் நிற்கும் பாடம்) விழாமல் பாருங்கள்; வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் இருந்தால் உள்ளேயே விடாது. கோடிங்கை இசிஇ படித்துக்கொண்டும் கற்கலாம்.

சரி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும். அதை நீங்கள் எழுதவில்லையே?