ஈரத்துண்டும் மூன்று மணி விழிப்பும்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 43. கணக்குப் பிரிவில் வேலை. கணவர், எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் இரண்டு பையன்கள், எங்களோடு இருக்கும் மாமியார். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். அதனாலேயே இதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

அலுவலகத்தில் என்னைப் போலப் பொறுமைசாலி இல்லை என்பார்கள். மாலை ஆறே முக்காலுக்கு வீட்டுக்குள் காலை வைத்ததும் வேறு ஆளாகிவிடுகிறேன். போன வாரம் சின்னவன் ஈரத்துண்டை என் கட்டிலில் போட்டிருந்தான். அவ்வளவுதான். தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். அவன் ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்து மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தான். கை நடுங்கியது. அந்தக் கை கண்ணைவிட்டுப் போகவில்லை.

ராத்திரி பதினொன்றுக்குப் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போனை எடுத்து மணி பார்ப்பேன். துண்டு, அலுவலகக் கணக்கு, மாமியாரின் மருந்துச் சீட்டு, பள்ளிக் கட்டணம் என்று வரிசையாக ஓடும். விடிந்ததும் 'இன்று கத்தக்கூடாது' என்று சபதம் எடுப்பேன். சாயங்காலம் அது இருந்த இடம் தெரியாது.

தியானம் செய்யச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு ஓடிய அதே படம் மறுபடி ஓடியது. பன்னிரண்டு நாளில் விட்டுவிட்டேன். சில நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. நான் கெட்ட அம்மாவா? மனசைச் சமநிலைக்குக் கொண்டுவர என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதைப் பேசுமுன் ஒரு கேள்வி. 'எங்காவது போய்விடலாம்' என்பது நாலு நாள் யாரும் கூப்பிடாத இடத்தில் தூங்கும் ஆசையா, இல்லை உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற நினைப்பா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படிக்கலாம். இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். நினைப்பு வலுத்தால் தனியாக இருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதலாவது என்றால் அது களைத்த உடம்பின் குரல். மேலே பேசலாம்.

சமநிலை என்றால் கோபமே வராதிருப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. அப்படி ஒரு மனிதரும் இல்லை. கோபம் வந்தபின் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறீர்கள் என்பதுதான் கணக்கு. துண்டு விஷயம் மாலையில் நடந்தது. மூன்று மணிக்கும் அது உங்களோடு விழித்திருக்கிறது. கோபம் வந்ததைவிட, அது இறங்காமல் இருப்பதுதான் உங்கள் பிரச்சினை.

உங்கள் சபதம் ஏன் தோற்கிறது? 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கச் சொன்ன பிறகு நினைக்க விட்டபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகம் வந்தது. 'கத்தக்கூடாது' என்பதும் அந்த வகைக் கட்டளைதான். எப்போது, எந்த இடத்தில், அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை.

நீங்களே நேரத்தை எழுதியிருக்கிறீர்கள்: ஆறே முக்கால். மதியம் சாப்பிட்டு ஐந்தாறு மணி நேரம் ஆகியிருக்கும். முந்தைய இரவு நாலு மணி நேரத் தூக்கம். பகல் முழுக்க அலுவலகத்தில் பொறுமைசாலி வேடம். அதுவும் உழைப்புதான், சம்பளச் சீட்டில் வராத உழைப்பு. அந்த நேரத்தில் கட்டிலில் துண்டு இல்லையென்றால் செருப்பு இருந்திருக்கும். எனவே வேலையைக் கோபத்தின் மேல் செய்யாதீர்கள், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தின் மேல் செய்யுங்கள். அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் ஐந்தரை வாக்கில் ஏதாவது சாப்பிடுங்கள். பசியில் எரிச்சல் கூடும், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பத்து நிமிடம் நடக்க முடிந்தால் நடங்கள், அப்போது போன் பைக்குள் இருக்கட்டும்.

வாசலுக்கு வெளியே ஐந்து நிமிட மூச்சு. நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். எண்ணிக்கை வினாடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, மொத்தம் முப்பது. விடும் மூச்சு நீளமாக இருக்கக் காரணம் உண்டு: மூச்சை விடும்போதுதான், மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி வரும் வேகஸ் நரம்பு துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். 'ஆழமாக' என்று கேட்டதும் நெஞ்சு விரிய வேகவேகமாக இழுப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும், பயம் கூடும், 'எனக்கு இது ஒத்துவரவில்லை' என்று விட்டுவிடுவார்கள். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், கை மெல்ல ஏறி இறங்கினால் போதும். ஆறு எண்ணுவது திணறினால் மூன்றும் ஐந்துமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் மனம் அமைதியாக இருக்கும்போதுதான் பழக வேண்டும். தீப்பற்றிய பிறகு அணைப்பானின் உறையில் உள்ள குறிப்பைப் படிக்க முடியாது.

தியானம் தோற்றதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மணிக்கு விழிப்பவர் ஐந்து மணிக்கு எழுந்தால், இருந்த கொஞ்சத் தூக்கத்திலும் அது கைவைக்கும். கவலை ஓடும் தலையோடு கண்ணை மூடினால் சிலருக்குப் பதற்றம் கூடத்தான் செய்யும். தூக்கம் சரியாகும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரவுக்கு வருவோம். கவலையைத் துரத்த வேண்டாம், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே நேரம், இருபது நிமிடம், படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்பு, கட்டிலில் அல்லாமல் ஒரு நாற்காலியில். தாளில் ஓடுவதையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, என் கையில் இருக்கிறதா இல்லையா என்று குறியுங்கள். இருந்தால் அடுத்த ஒரே ஒரு வேலையும் கிழமையும்: 'மருந்துச் சீட்டு, வியாழன், இடைவேளையில் போன்.' இல்லாததற்கு வெறும் கோடு. மூன்று மணிக்கு அதே கவலை வந்தால், 'தாளில் இருக்கிறாய், நாளை பார்க்கலாம்' என்று சொல்லிக்கொள்ளலாம். வாக்குத் தவறாமல் மறுநாள் உட்கார்ந்தால்தான் மனம் அதை நம்பும்.

விழித்தால் மணி பார்க்காதீர்கள். பார்த்தால் மனம் உடனே 'இன்னும் இரண்டரை மணி நேரம்தான்' என்று கணக்குப் போடும், அதுவும் கணக்குப் பிரிவு மனம்! போன் அடுத்த அறையில் கிடக்கட்டும், அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். இருபது நிமிடம் ஆனது போலத் தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது படியுங்கள். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். விழித்துப் புரண்டுகொண்டே இருந்தால் கட்டில் என்றாலே கவலை என்று உடம்பு பழகிவிடும். எழும் நேரம் ஞாயிறன்றும் அதேதான். முதல் வாரம் தூக்கம் இன்னும் குறைந்தது போலிருக்கும், அதைக் கண்டு விட்டுவிடாதீர்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரமாகும்.

கெட்ட அம்மாவா என்று கேட்டீர்கள். அந்தக் கை நடுங்கியதைக் கவனித்தீர்களே! இனி மூன்று மணிக்கு உங்களை நீங்களே திட்டுவதைவிட, பகலில் அவனிடம் மூன்று வரி பேசுவது மேல். "அன்னைக்கு துண்டுக்காக அப்படிக் கத்தினது என் தப்பு. நான் ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன். நீ அதுக்குக் காரணமில்ல." இதோடு நிறுத்துங்கள். 'ஆனால் நீயும் துண்டை...' என்று தொடங்கினால் மன்னிப்பு திட்டாகிவிடும். அழுது அவனை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள், அது பத்து வயதுத் தோளுக்குப் பெரிய பாரம். துண்டு போடும் இடத்தை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

கணவரிடம் "எனக்குக் கொஞ்சம் உதவக்கூடாதா?" என்று கேட்காதீர்கள். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், சண்டை அங்கேதான் தொடங்கும். ஒரு பொறுப்பை முழுசாகக் கைமாற்றுங்கள். அம்மாவின் மருந்து என்றால் சீட்டு, வாங்குவது, தீரும் தேதியை நினைவு வைப்பது எல்லாமே அவருடையது. பெண்களைக் களைக்க வைப்பதில் பாதி, வேலையைவிட அதை நினைவு வைத்திருப்பதுதான் என்பது என் எண்ணம். கொடுத்த பிறகு "வாங்கினீங்களா?" என்று கேட்காமலிருப்பதுதான் கஷ்டம். அவர் ஒருநாள் அலைந்து வாங்கட்டும்.

இவற்றோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், இரத்தசோகை ஆளையே சோர்த்துவிடும். 43 வயது என்பதால் மாதவிடாய் நாள் தள்ளுகிறதா, ராத்திரி வியர்த்து விழிக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்பே தூக்கமும் மனநிலையும் குலையலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, நேரடி ஆலோசனைக்கு வர வேண்டும், கடிதம் போதாது.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள். முதல் வாரம் ஐந்தரை மணி உணவு, வாசல் மூச்சு, அவ்வளவே. அடுத்த வாரம் தாளும் நாற்காலியும். மூன்றாவது வாரம் மருந்துச் சீட்டைக் கைமாற்றுங்கள். இடையே ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு வரி: மணி, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள், இறங்க எத்தனை நிமிடம். நாலாவது கட்டத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். கத்திய எண்ணிக்கை மாறாமலே அது நூறு நிமிடத்திலிருந்து நாற்பதுக்கு வந்திருந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள். மூன்று வாரம் கழித்து அந்த நோட்டைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.