ஸ்பார்க் வருது, தீ நிக்க மாட்டேங்குது

கேள்வி: சார், எங்க மோட்டார் ஹோம்ல (தங்குற வசதியுள்ள வண்டி) புரொப்பேன் காஸ்ல ஓடுற வாட்டர் ஹீட்டர் இருக்கு, 6 கேலன் டேங்க். நாலஞ்சு மாசமா வண்டியை எடுக்கல. இப்போ ஸ்விட்ச் போட்டா டிக் டிக்னு கேக்குது, அப்புறம் அடங்கி சிவப்பு லைட் எரியுது. ஒரே ஒரு தடவை பிடிச்சது, அதுவும் அஞ்சாறு செகண்ட்ல அணைஞ்சுபோச்சு. மெக்கானிக் ஹீட்டரை இயக்குற எலெக்ட்ரானிக் போர்டை மாத்தணும்ங்கறார். மாத்திரலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. ஸ்பார்க் வருதுன்னா போர்டுக்கு கரண்ட் வருது, தெர்மோஸ்டாட்டும் மறிக்கல, அதுவரைக்கும் சந்தேகம் தீந்துச்சு. நானும் ஒரு காலத்துல போர்டை மாத்தி காசைக் கரைச்சவன்தான், புது போர்டு போட்டும் அதே டிக் டிக், அதே சிவப்பு லைட், கடைசியில பர்னர் குழாய்க்குள்ள பாட்டில் கழுவுற பிரஷ்ஷை விட்டு இழுத்தா சாம்பல் நிறத்துல ஒரு உருண்டை வந்துச்சு, சிலந்தி வலையும் முட்டையும் சேர்ந்து. அன்னையிலருந்து முதல்ல குழாய், கடைசியில போர்டு.

முதல்ல அடுப்பைப் பத்த வைங்க. ரொம்ப நாள் நின்ன வண்டியில லைன்ல காத்து இருக்கும், அது அடுப்பு வழியா போயிரும். ரெண்டாவது பர்னரைத் திறந்ததும் தீ சுருங்குனா கோளாறு ஹீட்டர்ல இல்ல, சிலிண்டர் பக்கம். சிலிண்டர் வால்வை சட்டுனு திறந்தா உள்ள இருக்குற பாதுகாப்பு வால்வு லீக்குன்னு நினைச்சு காஸை நெருக்கிரும், அதனால மூடிட்டு மெதுவா, ரொம்ப மெதுவா திறங்க. அப்பவும் சரியாகலன்னா ரெகுலேட்டர். காஸ் பிரஷர் 11 இஞ்ச் வாட்டர் காலம் (water column, தண்ணி உயரத்துல பிரஷரைச் சொல்ற அளவு) இருக்கணும், அதை அளக்குற மானோமீட்டர் வெச்சிருக்கவங்களைக் கூப்பிடுங்க, கண்ணளவுல திருகாதீங்க.

அடுப்பு நல்லா எரியுதா, இப்போ ஹீட்டரோட வெளிக்கதவைத் திறந்து காதை வைங்க. உள்ள ஒருத்தர் ஸ்விட்ச் போட்டதும் டக்னு ஒரு சத்தம் வரணும், அது காஸ் வால்வு திறக்குறது. டக் இல்லாம டிக் டிக் மட்டும்னா வால்வு, அதோட ஒயர், இல்ல இறங்கிப்போன பேட்டரி. டக்கும் வந்து டிக்கும் வந்து தீ வரலன்னா பர்னர் குழாயோ ஜெட்டோ (காஸ் வர்ற சின்ன ஓட்டை) அடைச்சிருக்கு. தீ மஞ்சளா சோம்பலா எரிஞ்சாலும் அதே கதைதான், நீலமா உறுமணும்.

பிடிச்சு அணைஞ்சுபோச்சுன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு முக்கியமான துப்பு. ஸ்பார்க் அடிக்கிற எலெக்ட்ரோடுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, தீ வழியா ஒரு துளி கரண்ட் பாய்ஞ்சு பர்னர் பாடிக்கு வர்றதை வெச்சுத்தான் போர்டு தீ இருக்குன்னு நம்பும். நுனியில வெள்ளையா படிஞ்சிருந்தாலோ கிரவுண்ட் (எர்த்) ஸ்க்ரூ துருப்பிடிச்சிருந்தாலோ எரியுற தீயே போர்டு கண்ணுக்குத் தெரியாது, காஸை மூடிரும். சிலிண்டரை மூடி, ஹீட்டர் ஆறினப்புறம் நைசான உப்புத்தாள்ல நுனியைத் தேய்ங்க, ஸ்க்ரூவைக் கழட்டி சுரண்டி மாட்டுங்க. ஸ்பார்க் தாண்டுற இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர்.

ஸ்விட்சை ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு தட்டிட்டே இருக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் எரியாத காஸ் சேரும், நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. நாத்தம் வந்தா சிலிண்டரை மூடி எல்லாரும் கீழ இறங்கிருங்க, புரொப்பேன் காத்தை விட கனம், தரையோட தேங்கும், லைட் ஸ்விட்சைக்கூட தொடக்கூடாது.

கேள்வி: சுடுதண்ணில அழுகின முட்டை நாத்தம். காஸ் கலக்குதா?

பதில்: பச்சைத்தண்ணி நல்லா இருந்து சுடுதண்ணி மட்டும் நாறுனா காஸ் இல்ல. துருப்பிடிக்காம இருக்க டேங்குக்குள்ள மெக்னீசியம் ஆனோடு ராடு போட்டிருப்பாங்க, தேங்கின தண்ணில இருக்குற பாக்டீரியாவும் அதுவும் சேர்ந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், நாத்தம் அதோடது. டேங்க் முழுசா ஆறணும், பம்பை நிறுத்தி ஒரு சுடுதண்ணி பைப்பைத் திறந்து பிரஷரை வெளியேத்தணும், அப்புறம்தான் ராடைக் கழட்டணும், இந்த வரிசையை மாத்தினா கொதிக்கிற தண்ணி மூஞ்சிலதான். ராடு மெலிஞ்சு கம்பியா நின்னா புதுசு போடுங்க. டேங்கை நல்லா அலசுங்க. அலுமினிய டேங்குன்னா ராடே இருக்காது, தேடாதீங்க.

கேள்வி: தீ நல்லா எரியுது, ஆனா தண்ணி வெதுவெதுன்னுதான் வருது?

பதில்: குளிருக்கு முன்னாடி தண்ணி டேங்குக்குள்ள போகாம சுத்திப் போக பைபாஸ் வால்வைத் திருப்பியிருப்பீங்க, திரும்ப மாத்த மறந்திருப்பீங்க. அது சரியா இருந்தா வெளி ஷவரைப் பாருங்க, ஷவர் வாயை மட்டும் அடைச்சுட்டு சுடுதண்ணி, பச்சைத்தண்ணி ரெண்டு குழாயையும் திறந்தே விட்டிருந்தா பச்சைத்தண்ணி அந்த வழியா சுடுதண்ணி லைனுக்குள்ள ஏறிடும்.