வாசகர் கேள்வி-பதில்: உணவுக்காட்டுக்குத் தழை

கேள்வி: அரை ஏக்கரில் மா, பலா, கொய்யா, எலுமிச்சை கலந்து உணவுக்காடாக நட்டு ஓராண்டாகிறது. மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்கு வெளியிலிருந்து தழை கொண்டுவந்து கட்டுப்படியாகவில்லை. வேகமாக வளரும் எதைத் தோட்டத்திலேயே வைக்கலாம்?

பதில்: உடனடித் தேவைக்குச் சணப்பை என்ற பசுந்தாள் உரச்செடி. அரை ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். கன்றைச் சுற்றி 3 அடி வட்டம் விட்டு, மழை ஈரத்தில் விதையுங்கள். 45-50 நாளில் பூ தலைகாட்டும். அப்போதே அறுத்துவிட வேண்டும். காய் பிடிக்க விட்டால் தண்டு நாராகி, மட்க வெகுநாள் ஆகும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) விதைக்குப் போய்விடும். தண்ணீர் தேங்கும் நிலமோ களர் நிலமோ என்றால், சணப்பைக்குப் பதில் தக்கைப்பூண்டு என்ற இன்னொரு பசுந்தாள் செடி.

நிரந்தரத் தழைக்குக் கிளைரிசிடியா மரம்தான் எங்கள் தேர்வு. முற்றிய கிளையில் 3-4 அடி நீளக் குச்சிகளாக, கட்டைவிரலைவிடப் பருமனாக எடுங்கள். இளம்பச்சைக் குச்சி அழுகிவிடும். அடிமுனையைச் சரிவாக வெட்டி, கடப்பாரையால் ஓரடி ஆழத் துளை போட்டு இறக்குங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை உரிந்து, வேர் விட வேண்டிய இடமே கெடும். நட்டதும் மண்ணை நன்றாக மிதியுங்கள். உள்ளே காற்று நின்றால் துளிர் வந்தபின்னும் குச்சி காய்ந்துபோகும். பழக்கன்றுக்கு 6 அடி தள்ளி, குச்சிக்குக் குச்சி 3 அடி. குச்சியில் வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் இருக்காது. அதனால் காற்று பலமாக வீசும் ஓரங்களில் விதை ஊன்றுங்கள்.

கேள்வி: எப்போது, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?

பதில்: நடுவதில் பலரும் காட்டும் அக்கறை வெட்டுவதில் இருப்பதில்லை. வெட்டாமல் விட்ட கிளைரிசிடியா கன்றின் வெயிலைப் பறித்துக்கொள்ளும். 10 மாதம் கழித்து முதல் வெட்டு, 3 அடி உயரத்தில். பிறகு மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கோடையில் கை வைக்க வேண்டாம். அந்த நிழல் கன்றுக்குத் தேவை. தழைக்கு அகத்தி வைத்திருந்தால் அது அப்படியல்ல, மொட்டையடித்தால் பட்டுப்போகும். பக்கக் கிளைகளை மட்டும் கழியுங்கள். சவுண்டல் (சூபாபுல்) மரத்தைக் காய் முற்றுமுன் வெட்டாவிட்டால், பிறகு தோட்டம் முழுக்க அதன் நாற்றைப் பிடுங்குவதே வேலையாகிவிடும்.

கிளைரிசிடியா இலை சில வாரங்களில் மட்கிவிடும். எனவே இலையைக் கீழே பரப்பி, குச்சிகளையும் காய்ந்த புல்லையும் மேலே போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். தழை ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும், கரையானும் ஏறும்.

கேள்வி: நேப்பியர் தீவனப் புல் வைத்தபின் எலுமிச்சை வளராமல் நின்றுவிட்டது. ஏன்?

பதில்: எவ்வளவு தள்ளி வைத்தீர்கள் என்று எழுதவில்லை. நேப்பியர் வேர் நீரையும் தழைச்சத்தையும் முந்திக்கொண்டு உறிஞ்சும். கன்றுக்கு 10 அடிக்குள் உள்ள தூர்களைத் தோண்டி எடுத்துவிட்டு, புல்லை வேலியோரம் மட்டும் வையுங்கள். அறுத்த தண்டைப் பச்சையாக மூடாக்குப் போடாதீர்கள். மண்ணில் படும் ஒவ்வொரு கணுவும் துளிர்க்கும். நன்றாகக் காயவைத்த பிறகே போடுங்கள்.