மாணவர் நிகழ்ச்சியில் மது பரிமாறுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பல்கலைக்கழகத்தில் மாணவர் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் நான். குடிக்கலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. சட்டமும் வளாகமும் அனுமதிக்கும் இடத்தில் எப்படிப் பரிமாறுவது என்று மட்டும் சொல்கிறேன். குறைந்தபட்ச வயது இடத்துக்கு இடம் மாறும். அதை உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

துறை விருந்து, 120 பேர். எதில் தொடங்குவது?

பாட்டில் வாங்குவதில் தொடங்காதீர்கள், பட்டியலில் தொடங்குங்கள். யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, அன்று ஒரு சொட்டும் குடிக்காமல் பொறுப்பில் இருக்கப்போவது யார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத விண்ணப்பத்தை நான் மேலே அனுப்பியதே இல்லை. வயதை வாசலில் ஒரே முறை அடையாள அட்டை பார்த்துச் சரிபார்த்து, கையில் பட்டை கட்டிவிடுங்கள். உள்ளே கூட்டத்தில் முகத்தைப் பார்த்து வயதை ஊகிக்க யாராலும் முடியாது. சாப்பாடும் தண்ணீரும் மதுவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஏதோ மூலையில் அல்ல. வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும். நிகழ்ச்சி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஊற்றுவதை நிறுத்துங்கள்.

ஒரு பெரிய பாத்திரத்தில் பழச்சாறோடு கலந்து வைத்தால் செலவு குறையுமே?

குறையும். ஆனாலும் செய்யாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 40 சதவீத மது 750 மில்லி பாட்டில் இரண்டை ஊற்றி 10 லிட்டராகக் கலக்கிறீர்கள். மொத்தம் சுமார் 473 கிராம் ஆல்கஹால். 250 மில்லி கோப்பை ஒன்றில் 12 கிராம் வரும், ஏறக்குறைய 5 சதவீத பீர் ஒரு சிறு பாட்டில் அளவு. இதுவரை சரி. பாதி தீர்ந்ததும் 'இதில் ஒன்றுமே இல்லையே' என்று ஒருவர் இன்னும் இரண்டு பாட்டிலைக் கவிழ்க்கிறார். இப்போது அதே கோப்பையில் 27 கிராம். நிறமும் இனிப்பும் பெரிதாக மாறவில்லை. குடிப்பவர் தன் கணக்கில் ஒன்று என்றுதான் எண்ணுகிறார். இரண்டு கடந்துவிட்டது. ஈரல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம்தான்.

'ஒரு டிரிங்க்' என்பது எவ்வளவு?

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, அமெரிக்காவில் 14. வெளிநாட்டு அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள்.

வெளி ஆள் எதற்கு? எங்கள் நண்பர்களே ஊற்றட்டும். எங்களை அவர்களைவிட யார் கவனிப்பார்கள்?

கவனிப்பார்கள். ஆனால் 'போதும்டா' என்று அவர்களால் சொல்ல முடியாது. நாளைக்கும் அதே அறையில்தானே தூங்க வேண்டும்! ஊற்றுபவரின் வேலையே மறுப்பதுதான்.

நாங்கள் குழந்தைகள் இல்லை சார்.

வயதைப் பற்றி நான் பேசவில்லை. ஐம்பது வயதுப் பேராசிரியரும் நண்பர் கையிலிருந்து நாலாவது கிளாஸை வாங்குவார்.

(வேறொருவர்) வாடகைக்கு வருபவர் டிப்ஸுக்காக இன்னும் தாராளமாக ஊற்றுவார். நான் அந்த வேலை பார்த்திருக்கிறேன்.

இது நியாயமான வாதம். நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் டிப்ஸ் ஜாடி வேண்டாம் என்கிறேன். சம்பளம் மணிக்கணக்கில் பேசுங்கள், தீர்ந்த பாட்டில் கணக்கில் அல்ல. கையில் அளவுக் கோப்பை இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான், நண்பருக்கும் சேர்த்து நாலு வாங்கிப் போவது கூடாது.

(முதலாமவர்) அப்படியென்றால் டோக்கன் கொடுத்துவிட்டு நாங்களே ஊற்றலாமே?

டோக்கன் நல்லதுதான், ஆனால் கை மாறும். குடிக்காதவரின் டோக்கனும் குடிப்பவர் பைக்குப் போய்ச் சேரும். தலையாட்டி மறுக்க ஒரு ஆள் வேண்டும் என்ற இடத்துக்கே திரும்ப வருகிறோம். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மது இலவசம், நுழைவுக் கட்டணம் மட்டும் வாங்குகிறோம். விற்பனை ஆகாதுதானே?

பல இடங்களில் ஆகும். கட்டணத்தில் மதுவும் அடக்கம் என்றால், உரிமம் கேட்கும் அதிகாரி அதை விற்பனை என்றே படிப்பார். எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

போஸ்டரில் 'அளவில்லாமல்' என்று போடலாமா?

கூடாது.

காபி கொடுத்தால் தெளியுமா?

தூக்கம் போகும், போதை போகாது.

குளிர்ந்த நீரில் குளிக்க வைத்தால்?

அதே பதில். வழுக்கி விழுந்து மண்டை உடைவதும் உண்டு.

ஒருவர் மயங்கிக் கிடந்தால் தூங்கவிடலாமா? ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் நாங்கள் மாட்டிக்கொள்வோமே.

தூங்கவிட்டுப் போகாதீர்கள். கடைசியாகக் குடித்தது வயிற்றில் இருக்கும். மயங்கிய பிறகும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். தட்டி எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிடுதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர எண். வரும்வரை பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க. ஒருவர் பக்கத்திலேயே உட்காரட்டும்.

மாட்டிக்கொள்ளும் பயத்துக்கு: உதவிக்கு அழைத்தவருக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு தரும் விதி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. உங்களிடம் இருக்கிறதா என்று நிகழ்ச்சிக்கு முன்பே கேளுங்கள். இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

குழாய் வைத்த பெரிய டப்பாவில் கலந்து வைத்தால்? பாத்திரம் இல்லை, மூடி இருக்கிறது.

மேலே எழுதியதைப் படித்தீர்களா? மூடியைத் திறக்க எத்தனை வினாடி ஆகும்?

விடுதி அறையில் நாலு பேர் மட்டும்...

வார்டனிடம் கேளுங்கள்.

மிச்சமான பாட்டில்களை என்ன செய்வது?

திறக்காதவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையிலேயே முதலில் வாங்குங்கள். திறந்தவற்றை இரண்டு பேர் முன்னிலையில் தொட்டியில் கொட்டுங்கள். சுத்தம் செய்யும் மாணவர்களிடம் 'எடுத்துக்கொண்டு போங்கள்' என்று கொடுக்காதீர்கள். பட்டியலில்லாத இரண்டாவது விருந்து அங்கேதான் தொடங்கும்.