போஸ்ட்கிரெஸ் மாற்றங்களை வெளியிடும் முன் எதைக் கொண்டு சோதிப்பது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் அட்டவணை மாற்றங்களை நேரடித் தளத்தில் ஏற்றும் முன் சோதிக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றங்களை வரிசையாக ஓட்ட ஃப்ளைவே அல்லது லிக்விபேஸ், எது பழகியதோ அது போதும். ஃபங்ஷன்களும் கட்டுப்பாடுகளும் சரியா என்று பார்க்க பிஜிடேப் என்ற சோதனைக் கருவி இருக்கிறது.

ஆனால் காலி டேட்டாபேஸில் எல்லாமே நொடியில் முடிந்துவிடும், அதை நம்பாதீர்கள். உண்மையான தொல்லை லாக், அதாவது ஒரு வேலை முடியும்வரை மற்றவை அட்டவணையைத் தொடாதபடி போடப்படும் பூட்டு. போஸ்ட்கிரெஸ் 11ஆம் பதிப்பிலிருந்து, மாறாத இயல்பு மதிப்போடு ஒரு நெடுவரிசை சேர்த்தால் அட்டவணை முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை. சரி, அப்போதும் நீண்ட குவெரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் டேபிள் (அட்டவணையை மாற்றும் கட்டளை) அது முடியும்வரை நிற்கும். பிறகு வரும், தரவைப் படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட்கூட அதன் பின்னே வரிசையில் மாட்டிக்கொள்ளும். அதனால் நேரடித் தரவின் அளவிலேயே நகல் எடுத்து (தனிநபர் விவரங்களை மறைத்துவிட்டு), பிஜிபெஞ்ச் என்ற சுமைச் சோதனைக் கருவியால் சுமை கொடுத்தபடியே மாற்றத்தை ஓட்டிப் பாருங்கள். லாக் டைம்அவுட்டை, அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பை, சில நொடிகளாக வையுங்கள்.