அண்ணன் வழி தவறித்தான் போனாரா? நான் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். 2006 கடைசியில் அண்ணன் வன்னியில் ஓமந்தைப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனார். மாடு தேடிக் காட்டுக்குள் போனபோது தெரியாமல் விடுதலைப் புலிகளின் பகுதிக்குள் நுழைந்துவிட்டதாகவும், திரும்பும்போது ஆமி பிடித்ததாகவும் சொல்வார். பதினான்கு மாதம் தடுப்பில் வைத்து, வழக்குப் போடாமல் விட்டார்கள். இப்போது நட்டஈட்டுக்கு எழுதப்போகிறார். 'வழி தவறித்தான் போனார்' என்று என்னிடம் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையெழுத்திடும் எழுத்துச் சாட்சியம்) கேட்கிறார். ஆனால் ஒருமுறை மாடு என்றவர், இன்னொரு முறை விறகு என்கிறார். தடுப்பில் அவர் கையெழுத்திட்ட சிங்கள வாக்குமூலத்தில் வேறு கதை இருக்கிறதாம். பனிமூட்டத்திலும் மலை ஏறி இறங்கியவர் வழி தவறுவாரா?

பதில்: தங்கச்சி, அந்த வசனத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்கள் அந்தக் காட்டில் இருக்கவில்லை. நேரில் கண்டதைத்தான் சாட்சி சொல்லலாம் என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. தெரியாததைத் தெரிந்ததாகச் சத்தியக்கடதாசியில் எழுதினால் அது பொய்ச் சாட்சியம், குற்றம்.

ஆனால் உங்கள் சந்தேகத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. மலையில் வழி தெரியாவிட்டால் சரிவோடு இறங்குவோம். ஓர் ஓடையோ தோட்டத்து ரோட்டோ கட்டாயம் வரும். வன்னிக் காட்டில் சரிவே இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம். மலையில் பழகிய கால் அங்கே உதவாது. முன்னரண் (இரு தரப்பும் எதிரெதிரே நின்ற காவல் வரிசை) இருந்த இடத்தில் 'இது எல்லை' என்று பலகை நட்டிருக்கவும் மாட்டார்கள். மாடு, விறகு விஷயத்தைக் கேளுங்கள், ஆனால் விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். மாடு தேடப் போனவர் விறகும் பொறுக்கியிருக்கலாம். ஏறக்குறைய இருபது வருடத்தில் சின்ன முரண்பாடு வருவது இயல்பு, நீதிமன்றங்களும் அதை அப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் இரண்டையும் ஒட்டிப் புதிதாக ஒரு 'சரியான' கதையை அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிறகு உண்மையும் நிற்காது.

அந்தச் சிங்கள வாக்குமூலம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. சாதாரணச் சட்டப்படி பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதை மாற்றி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலுள்ளவரோ பதிவு செய்தால் செல்லும் என்றது. அடித்து வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையும் கைதியின் தலையில் விழுந்தது. சிங்கராசா வழக்கில், தெரியாத மொழியில் எழுதிய ஒப்புதலை வைத்தே ஒருவருக்கு 35 வருடச் சிறை உறுதியானது. அந்தச் சுமையைக் கைதி மீது வைத்தது நியாயமான விசாரணைக்கு முரண் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. உங்கள் அண்ணனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா? தெரியாது என்றால் அந்தத் தாளை அவருக்கு எதிரான சாட்சியாக நீங்களே எடுத்துக்கொள்வது அநியாயம்.

இன்னொன்று. தடுப்பில் அவரை அடித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர் வேண்டுமென்றே போயிருந்தாலும் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது, அதில் விதிவிலக்கு கிடையாது. அதனால் விண்ணப்பத்தில் காட்டுக் கதையைச் சுருக்கி, தடுப்பில் நடந்ததை விரிவாக எழுதச் சொல்லுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு, அது எப்போதோ போய்விட்டது. இழப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதுவது வேறு வழி, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது.

உங்கள் சத்தியக்கடதாசியில் நீங்கள் கண்டதை எழுதுங்கள்: எந்த மாதம் புறப்பட்டார், செய்தி எப்படி வந்தது, பார்க்கப் போனபோது எப்படி இருந்தார், திரும்பி வந்தபோது உடம்பில் காயம் ஏதும் இருந்ததா. தோட்டத்துச் செக்ரோலோ (வேலை நாள் பதிவேடு) ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவோ கிடைத்தால், அதுவரை அவர் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடும் இடம்) போய்க் கொழுந்து எடை போட்ட ஆள் என்பது தெரியும். தடுப்பில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு அவரைப் பார்த்துப் பதிந்திருந்தால், அதற்கான கடிதத்தை அவர்களிடம் கேட்கலாம். தடுப்பு உத்தரவின் பிரதியையும் தேடுங்கள். இவற்றோடு ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்கச் சமாதான நீதவானிடம் போங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.