கடலுக்கடியில இறால் போடுற சத்தம்: பந்திங் பக்கத்து ஆளுங்க கேட்ட கேள்விங்க

மலேசியா சிலாங்கூர்ல மோரிப், கேரித்தீவு பக்கம் தூண்டில் போடப் போற நம்ம தோட்டத்து ஆளுங்க கேட்டதுக்கெல்லாம் ஒண்ணா சேத்து பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணே, பாக்காவ் (அலையாத்தி) காட்டோரம் சம்பான, அதான் நம்ம சின்னப் படக, நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்ணா, அடியில கடுகு பொரியிற மாதிரி கேக்குது. பலகை விரிசல் விடுதா?

பலகைக்கு ஒண்ணும் ஆகல தம்பி, அது சொடக்கு இறால். விரல் நீளம்கூட இருக்காது, ஆனா ஒரு கொடுக்கு மட்டும் உடம்புல பாதி அளவுக்கு இருக்கும். கொடுக்கு மோதித்தான் சத்தம் வருதுன்னு ரொம்ப நாளா நம்பிட்டிருந்தாங்க, 2000-ல ஹைஸ்பீட் கேமராவுல புடிச்சு பாத்தப்பதான் விஷயம் தெரிஞ்சுது: கொடுக்கு மூடுற வேகத்துல தண்ணி செகண்டுக்கு சுமார் 25 மீட்டர் வேகத்துல பீச்சுது, அங்க அழுத்தம் இறங்கி ஒரு குமிழி உண்டாகுது, அது நசுங்குறப்பதான் அந்த வெடிச்சத்தம். நசுங்குற நொடியில உள்ள சூடு 5000 கெல்வினுக்கு மேல போயி ஒரு துளி வெளிச்சம்கூட வருதுன்னு அடுத்த வருஷமே கண்டுபுடிச்சாங்க, எனக்கு இன்னைக்கும் மலைப்பாதான் இருக்கு.

கேள்வி: அப்ப கரையில நிக்கிறவனுக்கு ஏன் கேக்கல?

தண்ணிக்கு மேல அந்த சத்தம் வர்றதே இல்லன்னு சொல்லலாம், ஆயிரத்துல ஒரு பங்குதான் காத்துக்கு தாண்டும், மீதி அப்படியே திரும்பிடும். சம்பான் பலகை தண்ணியத் தொட்டுகிட்டு இருக்கு, அதனால உங்களுக்குக் கேக்குது.

கேள்வி: எவ்ளோ தூரம் போகும்?

கடல் தண்ணியில சத்தம் செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் ஓடும், காத்துல 340 தான். ஆனா வேகம் வேற, தூரம் வேற. ஆழக்கடல்ல தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் (சத்தத்த அளக்குற அளவு) குறையும், ஆழமில்லாத இடத்துல மேலயும் கீழயும் பட்டுப் பட்டுப் போறதால அவ்ளோ சீக்கிரம் பரவி கரையாது, ஆனா நம்ம சிலாங்கூர் கரை சேறு, அது சத்தத்த முழுங்கிடும். சொடக்குல 200 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கீச்சு சத்தம் இருக்கு, அந்தக் கீச்சு தூரம் தாங்காது, அதனாலதான் தள்ளிப் போகப் போக மொத்தையா கேக்குது. ஒத்த இறாலோடது கரைஞ்சாலும் ஆயிரக்கணக்குல சேந்து சொடுக்குறதால ராப்பகலா இரைச்சல் ஓயாது. ரெண்டாம் உலகப்போர்ல நீர்மூழ்கி சத்தத்துக்கு காது குடுத்திட்டிருந்தவங்கள இது பாடா படுத்துச்சு. பக்கத்துல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல இதே இரைச்சல வெளிச்சம் மாதிரி வெச்சு, தண்ணிக்குள்ள இருக்குற பொருளப் படமா எடுக்க ரோமானிஸ்னு ஒரு கருவியே செஞ்சாங்க, கேட்டீங்களா!

கேள்வி: லோப்ஸ்டருக்கு சொடுக்குற கொடுக்கு இல்லையே, அதும் சத்தம் போடுமா?

முள்ளு லோப்ஸ்டர் போடும். மீசையோட அடியில இருக்குற மெத்துன்னு ஒரு பாகத்த, கண்ணுக்குக் கீழ இருக்குற மேட்டுல வெச்சு இழுக்கும், பிடிச்சு வழுக்கி பிடிச்சு வழுக்கி கரகரன்னு வரும். ஓடு மாத்தி உடம்பு மெத்துன்னு இருக்குற நாள்லயும் இது வேல செய்யும், எதிரிய மிரட்டத்தான் பெரும்பாலும். பிரான்ஸ்ல ஐரோப்பிய ஜாதியோட சத்தத்த 100 மீட்டர் தூரம் வரைக்கும் தண்ணிக்குள்ள மைக்கு வெச்சுப் பதிவு பண்ணி, பெரிய லோப்ஸ்டரோட சத்தம் அமைதியான கடல்ல 3 கிலோமீட்டர் வரைக்கும் தெரியலாம்னு கணக்கு போட்டாங்க.

கேள்வி: அப்ப 3 கிலோமீட்டர்ல இருக்குற இன்னொரு லோப்ஸ்டருக்கு கேக்குமா அண்ணே?

அப்படி எடுத்துக்காதீங்க. அந்தக் கணக்கு நம்ம தண்ணி மைக்குக்கு, அது அழுத்தத்த அளக்கும். இறால் லோப்ஸ்டருக்கு செவிப்பறை கிடையாது, தண்ணி ஆடுற ஆட்டத்த மீசை முடியிலயும் உடம்புக்குள்ள இருக்குற சமநிலைப் பையிலயும்தான் உணரும், அந்த ஆட்டம் கிட்டக்கதான் பலமா இருக்கும்.